இரண்டாவது ஆப்பிரிக்கப் பயணம்: வேலிக்குள் வேட்டையா, திறந்த காட்டில் வேட்டையா, துப்பாக்கியில்லாத நடையா?

ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர், வாழ்நாளில் ஒரு முறை போய்வந்தால் போதும் என்ற எண்ணத்தோடுதான் முதல் பயணத்துக்குப் பணம் சேர்க்கிறார்கள். ஊர் திரும்பிச் சில மாதங்கள் ஆவதற்குள் அடுத்த பயணத்துக்குக் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த இழுப்பு இன்று நேற்று வந்ததல்ல. 1933-34-இல் கென்யாவிலும் தாங்கனீக்காவிலும் (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி) வேட்டையாடிவிட்டுப் போன அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே, இருபது ஆண்டுகள் கழித்து 1953-இல் மறுபடியும் வந்து இறங்கினார். அந்தப் பயணத்தின்போது 1954 ஜனவரியில் உகாண்டாவில் அடுத்தடுத்து இரண்டு விமான விபத்துகளில் சிக்கியதில், அவர் இறந்தே போனார் என்று பத்திரிகைகள் செய்தி வெளியிட்டுவிட்டன. இரண்டு முறையும் அவருக்கு வழிகாட்டியவர் பிலிப் பெர்சிவல். 1909-இல் முன்னாள் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் வந்தபோதே உடன் சென்ற இந்த வேட்டைக்காரர், ஓய்வு பெற்றிருந்தும் ஹெமிங்வேக்காக மீண்டும் காட்டுக்குள் இறங்கினார். இழுப்பு, போகிறவரை மட்டுமல்லாமல் கூட்டிக்கொண்டு போகிறவரையும் விடவில்லை.

ஒரு முறை போய்வந்து, மனம் அங்கேயே தங்கிவிட்ட ஒருவர் தம் இரண்டாவது பயணத்தை எப்படி அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது. அவர் முன் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன: தென்னாப்பிரிக்காவின் வேலியிட்ட வேட்டைப் பண்ணை, நமீபியாவின் சமூகக் காப்பகம், ஜிம்பாப்வே அல்லது தான்சானியாவின் வேலியில்லாப் பெருவிலங்குக் காடு, துப்பாக்கியைத் தொடாமல் காட்டில் நடக்கும் சாம்பியாவின் நடைச் சஃபாரி. வேட்டை அறமா பாவமா என்பது வேறு வழக்கு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் வேட்டை என்பது பெரும்பாலும் நீதிமன்றச் செய்தியாகவே நம் காதுக்கு எட்டுவதால், வேட்டைக்காரரைக் கொலைகாரராகவோ வீரராகவோ மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். அந்த இரண்டு பார்வையும் இந்த முடிவை எடுக்க உதவா. ஆனால் பயணத்துக்குக் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்ற கேள்வியை மட்டும் எந்த வழியிலும் தட்டிக்கழிக்க முடியாது.

எது இழுக்கிறது?

இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் எந்த நாட்டை எந்த நாட்டோடு ஒப்பிட்டும் பயனில்லை. காட்டெருமை வேட்டையின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் புறப்படும் வண்டி, நீர்நிலைகளை ஒட்டிய மண்பாதையில் மெல்ல ஊர்ந்து போகும். இரவில் தண்ணீர் குடித்துவிட்டுப் போன கிழட்டுக் காளைகளின் குளம்படி தென்பட்டதும் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். அதற்கு மேல் நடைதான். தடம் பார்ப்பவர் சாணத்தைக் காலால் புரட்டி, உள்ளே விரலை விட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார். மிதிபட்ட புல் எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது, குளம்பின் விளிம்பில் மண் உதிர்ந்துவிட்டதா, இரவில் ஊர்ந்த பூச்சியின் கோடு தடத்துக்கு மேலே ஓடுகிறதா, தடம் அந்தக் கோட்டை மிதித்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து, விலங்கு எத்தனை மணி நேரம் முன்னால் போகிறது என்று சொல்லிவிடுவார். ‘பி.எச்.’ என்று எல்லோரும் அழைக்கும் தொழில்முறை வேட்டைக்காரர், சாம்பல் அடைத்த சிறிய துணிப்பையை நிமிடத்துக்கொரு தரம் உதறிக் காற்றின் போக்கைப் பார்த்துக்கொண்டே வருவார். நான்கைந்து மணி நேரம் இப்படி நடந்து, மொபானி மரங்களுக்கிடையே கறுப்பாக ஒரு முதுகு தெரிகிற நேரத்தில் காற்று ஒரு நொடி நம் பின்னங்கழுத்தில் பட்டால் போதும். கிளைகள் முறியும் ஓசையும் எழும் புழுதியும்தான் மிஞ்சும். மறுநாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சுடுவது இதில் சில நொடி வேலை. திரும்பத் திரும்பப் போகிறவர்கள் எழுதியதையும் பேசியதையும் கவனித்தால், அவர்கள் நீட்டி முழக்கிச் சொல்வதெல்லாம் அந்தச் சில நொடிகளுக்கு முந்தைய மணி நேரங்களைப் பற்றியதாகவே இருக்கிறது. தம்மைவிடப் பல மடங்கு வலிமையும் கூர்மையும் உடைய ஒன்றின் இடத்துக்குள், அதன் விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடந்தோம் என்ற உணர்வுதான் அவர்களை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்பது என் முடிவு. சுவரில் மாட்டிய பாடம் செய்த தலை அதற்கு ஒரு ரசீது மட்டுமே.

வரலாறும் இதற்குச் சான்று சொல்கிறது. 1920-களில் கென்யாவின் புகழ்பெற்ற வேட்டைக்காரர்களுள் ஒருவரான டெனிஸ் ஃபின்ச் ஹட்டன், அப்போதைய வேல்ஸ் இளவரசரை 1928-இலும் 1930-இலும் காட்டுக்கு அழைத்துச் சென்றார். இரண்டாவது பயணத்தில் இளவரசருக்குத் துப்பாக்கியைவிடத் திரைப்படக் கேமராதான் பெரிதாகப் போயிற்று. மோட்டார் காரில் விரட்டிச் சென்று சிங்கங்களைச் சுட்டுத் தள்ளும் வழக்கத்தைக் கண்டித்து லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழுக்கு எழுதியவரும் அதே ஃபின்ச் ஹட்டன்தான். நமக்குத் தெரிந்த ஜிம் கார்பெட்டும் இந்த வரிசையில் சேர்ந்தவர்: குமாவுனில் ஆட்கொல்லிகளைச் சுட்டவர், பிற்காலத்தில் புலிகளைப் படம் பிடிப்பதிலேயே நாட்டம் கொண்டு, 1947-இல் இந்தியாவை விட்டுக் கென்யாவின் நியேரிக்குக் குடிபெயர்ந்து 1955-இல் அங்கேயே காலமானார். துப்பாக்கியைக் கீழே வைத்தபின்னும் இவர்களுக்குக் காடு சலிக்கவில்லை.

எனவே நான்கு வழிகளையும் இரண்டு அளவுகோல்களால் அளக்கிறேன். தப்பியோட முழு வாய்ப்புள்ள விலங்கின் பின்னால் கால்நடையாகப் போகும் அனுபவம் எவ்வளவு கிடைக்கும் என்பது ஒன்று. பணமும் இறைச்சியும் அந்த மண்ணில் வாழ்கிறவர்களுக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பது மற்றொன்று. செலவு மூன்றாவதுதான், ஆனால் பெரும்பாலோருக்கு அதுவே முதலாவதாக வந்து நிற்கும் என்பதும் தெரியும்.

வேலிக்குள்

தென்னாப்பிரிக்காவில்தான் பெரும்பாலோருடைய முதல் பயணம் நடந்திருக்கும். விமானம் இறங்கிய சில மணி நேரத்தில் பண்ணைக்குப் போய்விடலாம். விலங்கு வாரியான விலைப்பட்டியல் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். ஒரு வாரத்தில் இம்பாலா, குடூ, வில்டபீஸ்ட் ஆகிய மான் வகைகள், வரிக்குதிரை என்று நான்கைந்தை வேட்டையாடிவிட்டுத் திரும்பலாம். இந்த ஏற்பாட்டுக்குச் சட்ட அடித்தளம் 1991-ஆம் ஆண்டின் வேட்டை விலங்குத் திருட்டுச் சட்டம். முறையாக வேலியிட்ட நிலத்தில் நிற்கும் காட்டு விலங்கு, தப்பி வெளியே போனாலும் நில உரிமையாளருக்கே சொந்தம் என்று அச்சட்டம் உறுதி செய்தது. மாட்டுப் பண்ணைகள் ஆயிரக்கணக்கில் மான் பண்ணைகளாக மாறியதற்கு இந்த உரிமை ஒரு முக்கியக் காரணம்.

இதன் நல்ல பக்கத்தை மறைக்கக்கூடாது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கியிருந்த தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் ஆயிரக்கணக்கில் பெருகியதில், உம்ஃபொலோசி காப்பகத்தாரின் உழைப்புக்கு அடுத்தபடியாகத் தனியார் நிலங்களுக்கும் பங்குண்டு. விலங்குக்கு விலை இருந்ததால் அதற்கு நிலம் கிடைத்தது. ஆனால் அதே விலைதான் பொன்னிற வில்டபீஸ்ட், கறுப்பு இம்பாலா என்று நிறத்துக்காகப் பொறுக்கி வளர்க்கும் வணிகத்துக்கும், கூண்டில் வளர்த்த சிங்கத்தை அடைபட்ட நிலத்தில் விட்டுச் சுடவைக்கும் இழிவுக்கும் வழி திறந்தது. சிறைப்பிடித்து வளர்க்கும் சிங்கத் தொழிலைப் படிப்படியாக மூடும் கொள்கைக்குத் தென்னாப்பிரிக்க அமைச்சரவை 2024-இல்தான் ஒப்புதல் தந்தது. வேட்டையாடுகிறவர்களிலேயே பலர் அந்தத் தொழிலை வெறுப்பவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பல்லாயிரம் ஹெக்டேர் பரப்புள்ள பண்ணைகளில் வேலி கண்ணில் படாமலே பல நாட்கள் நடக்கலாம் என்பது உண்மைதான். இருந்தாலும் எங்கோ ஓரிடத்தில் அது இருக்கிறது என்பது முதல் பயணத்தில் உறுத்தாது; இரண்டாவது பயணத்தில் உறுத்தும். குடும்பத்தோடு போகிறவருக்கும், ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பு கிடைக்காதவருக்கும் இது நல்ல ஏற்பாடு. மனம் அங்கேயே தங்கிவிட்டவருக்கு, பார்த்த இடத்தையே மறுபடி பார்ப்பதுபோலத்தான் இருக்கும்.

நமீபியா

நமீபியாவிலும் வேலியிட்ட தனியார் பண்ணைகள் ஏராளம் உண்டு. நான் இங்கு சொல்வது சமூகக் காப்பகங்களை. அன்றைய தென்மேற்கு ஆப்பிரிக்காவின் வெள்ளைப் பண்ணையாளர்களுக்கு 1960-களிலேயே வேட்டை விலங்குகளின் மீது உரிமை கிடைத்துவிட்டது. பொது நிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு அதே உரிமை, விடுதலைக்குப் பிறகு 1996-இல் வந்த சட்டத்திருத்தத்தால்தான் கிடைத்தது. ஒரு பகுதி மக்கள் தங்கள் எல்லையை வரையறுத்து, உறுப்பினர்களைப் பதிவு செய்து, குழு அமைத்தால், அந்நிலத்தின் விலங்குகளால் வரும் வருமானம் அவர்களுக்கே. 1998-இல் முதல் நான்கு காப்பகங்கள் பதிவாயின. இன்று 86 இருக்கின்றன. நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றின் கீழ் வருகிறது.

முதல் நான்கில் ஒன்று, போட்ஸ்வானா எல்லையை ஒட்டிய நியாய் நியாய். ஜுஹோன்சி சான் மக்களின் நிலம் அது. தடம் பார்ப்பதில் அவர்களுக்கு நிகர் உலகில் குறைவு. தடம் பார்ப்பதற்கே பயணத்தின் பாதி மதிப்பு என்று நினைக்கிறவருக்கு இதைவிட நல்ல இடத்தை என்னால் சொல்ல முடியவில்லை. வேட்டை நிறுவனம் கட்டும் கட்டணம் காப்பகத்துக்குப் போகிறது. யானை விழுந்தால் இறைச்சி கிராமங்களுக்குப் பங்கு பிரிக்கப்படுகிறது. சுற்றுலா விடுதி கட்டத் தோதில்லாத, சாலையோ காட்சியழகோ அதிகம் இல்லாத வறண்ட புதர்க்காடுகளில் இந்த வருமானத்துக்கு மாற்று எளிதில் கிடைப்பதில்லை. கேமராவோடு வருகிறவர்கள் எட்டோஷா தேசியப் பூங்காவுக்கும் சொசுஸ்ஃப்ளேய் மணற்குன்றுகளுக்கும் போவார்கள். நியாய் நியாய்க்கு வருகிறவர்கள் சிலரே.

இங்கே சட்டமும் கண்டிப்பானது. வண்டியிலிருந்து சுடக்கூடாது, இரவில் வேட்டையாடக்கூடாது. ஓர் இனத்தில் ஆண்டுக்கு ஒருவருக்கு இரண்டுக்கு மேல் இல்லை. ஸ்பிரிங்பாக் போன்ற சிறிய மானுக்கு 1,350 ஜூல், குடூ போன்றவற்றுக்கு 2,700 ஜூல், எருமைக்கும் யானைக்கும் 5,400 ஜூல் என்று தோட்டாவின் குறைந்தபட்ச ஆற்றலைக்கூடச் சட்டமே வகுத்திருக்கிறது. காயம்பட்டுத் தப்பும் விலங்குகளைக் குறைப்பதே நோக்கம். ரத்தம் சிந்தினாலே விலங்கு கிடைக்காவிட்டாலும் முழுக் கட்டணம் என்பது ஆப்பிரிக்கா முழுதும் உள்ள வழக்கம். வருமுன் பயிற்சி செய்யாதவருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

குறைகளும் உண்டு. காப்பகங்கள் எல்லாம் ஒரே தரத்தில் நடப்பதில்லை. சிலவற்றில் பணம் நிர்வாகச் செலவிலேயே கரைந்து, வீடுகளுக்குச் சேருவது சொற்பமாகிறது. வறட்சி ஆண்டுகளில் விலங்குகளும் குறைகின்றன. எருமையைத் தேடுகிறவர் வடகிழக்கே சாம்பேசிப் பகுதிக்குத்தான் போக வேண்டும். ஆனால் இரண்டு அளவுகோல்களையும் சேர்த்துப் பார்த்தால் வேட்டை வழிகளில் நமீபியாவையே முதலில் வைப்பேன்.

வேலியில்லாப் பெருங்காடு

எருமையே வேண்டும், அதுவும் வேலியில்லாத இடத்தில் வேண்டும் என்பவருக்கு ஜிம்பாப்வேதான் பொருத்தம். அந்நாட்டின் பி.எச். உரிமம் கண்டத்திலேயே கடினமானது என்று பெயர் பெற்றது: எழுத்துத் தேர்வு, ஆண்டுக்கணக்கில் உரிமம் பெற்றவரிடம் பயிற்சி, கடைசியில் காட்டிலேயே நடக்கும் செய்முறைத் தேர்வு. அடிபட்ட எருமை அடர்ந்த புதருக்குள் புகுந்துவிட்டால் முன்னால் போக வேண்டியவர் அவர்தான் என்பதால், இந்தக் கடுமை வந்தவரின் உயிருக்கும் காப்பு. 1989-இல் தொடங்கிய ‘கேம்ப்ஃபயர்’ திட்டம் வேட்டை வருமானத்தைக் கிராமப்புறங்களுக்குக் கொண்டுசெல்லும் முயற்சிகளில் முன்னோடி. நமீபியாவின் காப்பகங்களுக்கு முந்தையது. ஆனால் ஜிம்பாப்வேயில் உரிமை மக்கள் கைக்கு நேரடியாகப் போகாமல் மாவட்ட மன்றங்களிடம் தங்கியது. பணத்தின் பெரும்பகுதியும் அங்கேயே தங்கிவிடுகிறது என்ற குறை பழையது. 2015 ஜூலையில் ஹ்வாங்கே தேசியப் பூங்காவுக்கு வெளியே, ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டியிருந்த சிசில் என்ற சிங்கம் அம்பால் காயப்பட்டுப் பல மணி நேரம் கழித்துக் கொல்லப்பட்டதும் இந்நாட்டில்தான். பூங்கா எல்லையை ஒட்டி இரை கட்டிக் காத்திருக்கும் சிங்க வேட்டை, நான் மேலே சொன்ன நடையோடு எந்த வகையிலும் சேராதது. அதைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

தான்சானியா இதற்கும் ஒரு படி மேலே. கூடாரம், சமையற்காரர், தடம் பார்ப்பவர்கள், அரசு வனவிலங்கு அலுவலர் என்று ஒரு பரிவாரமே உடன் வர, மாநில அளவுப் பரப்புள்ள காட்டில் வாரக்கணக்கில் வேறு மனித முகமே பார்க்காமல் இருக்கலாம். சிங்கம் வேண்டுமென்றால் வழக்கமாக 21 நாள் பயணம். செலவு பல பத்தாயிரம் டாலர். ஆறு வயதுக்குக் குறைந்த ஆண் சிங்கத்தைச் சுடக்கூடாது என்பது அங்கே விதி. பிடரிமயிரையும், வயதேற ஏறக் கருமை பரவும் மூக்கையும் தொலைநோக்கியில் பார்த்து வயதைக் கணிக்கிறார்கள். பல நாள் காத்திருந்து, மூக்கில் சிவப்பு மிச்சமிருக்கிறது என்பதற்காக ஒரு சிங்கத்தை விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு.

பழைய சஃபாரியின் முழு வடிவம் இங்கேதான் இருக்கிறது என்றாலும், வேட்டைப் பணம் காட்டைக் காப்பாற்றிவிடும் என்ற வாதத்தின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், பெரும்பகுதி வேட்டைத் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்த செலூஸ் காப்பகத்தில் 1976-இல் ஒரு லட்சத்துக்கு மேல் யானைகள் இருந்தன. 2013-இல் எஞ்சியவை சுமார் 13,000. கொன்றவர்கள் தந்தத் திருடர்கள். கட்டணம் செலுத்திய வேட்டைக்காரர்கள் இருந்தும் அதைத் தடுக்க முடியவில்லை. 2019-இல் செலூஸின் பெரும்பகுதி நியெரேரே தேசியப் பூங்காவாகப் பிரிக்கப்பட்டது. ஒருவர் கட்டும் கட்டணத்தில் காவலர் சம்பளத்துக்கு எவ்வளவு போகிறது என்று கேட்காமல் தான்சானியாவுக்குப் போவது சரியல்ல.

போட்ஸ்வானா 2014-இல் வேட்டையை நிறுத்தி 2019-இல் மறுபடி அனுமதித்தது. அங்கே யானையே முதன்மை. யானையைச் சுட வேண்டும் என்ற விருப்பம் எனக்குப் புரிவதில்லை என்பதால் அதை இங்கு விரிக்கவில்லை. ஹெமிங்வேயும் ரூஸ்வெல்ட்டும் திரிந்த கென்யா 1977-இலேயே வேட்டையைத் தடை செய்துவிட்டது.

துப்பாக்கி இல்லாமல்

நான்காவது வழியை வேட்டைக்காரர்கள் பொதுவாகக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஜீப்பில் உட்கார்ந்து, பத்து வண்டிகளோடு சேர்ந்து ஒரு சிங்கத்தைச் சூழ்ந்து நின்று படம் எடுக்கும் சுற்றுலாதான் மாற்று என்று நினைத்துக்கொள்வதால் அப்படி. அது அவர்களுக்கு மாற்றாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடைச் சஃபாரி அப்படிப்பட்டதல்ல. அதைத் தொடங்கி வைத்தவரே ஒரு பழைய யானை வேட்டைக்காரர்: அன்றைய வடக்கு ரொடீசியாவில் (இன்றைய சாம்பியா) வனவிலங்குக் காவலராக இருந்த நார்மன் கார், 1950-இல் லுவாங்வா பள்ளத்தாக்கில் ன்செஃபு என்ற உள்ளூர் இனத்தலைவரோடு சேர்ந்து பார்வையாளர் முகாம் ஒன்றை அமைத்து, வருமானத்தை அம்மக்களுக்குச் சேரச் செய்தார். தென்னாப்பிரிக்காவின் உம்ஃபொலோசியில் இயன் பிளேயர் 1959-இல் காட்டு நடைகளைத் தொடங்கினார். குரூகர் பூங்காவில் அவை 1978-இல் வந்தன.

இன்றைய தெற்கு லுவாங்வாவில் ஜூன் முதல் அக்டோபர் வரை, வழிகாட்டி ஒருவரும் துப்பாக்கி ஏந்திய பூங்காக் காவலர் ஒருவரும் உடன் வர, வரிசையாக, பேசாமல், ஒரு முகாமிலிருந்து அடுத்த முகாமுக்கு நடக்கிறார்கள். அதே சாணம், அதே தடம், காற்றைப் பார்க்கும் அதே கவனம். எருமைக் கூட்டம் தலைதூக்கி நம்மைப் பார்க்கும்போது வயிற்றில் இறங்கும் குளிரும் அதேதான். கிடைக்காதது ஒன்று உண்டு: முடிவு. சுடும் தருணத்தின் பொறுப்பு, அதற்குப்பின் வரும் சிறு துயரம், மாலையில் நெருப்பில் வாட்டித் தின்னும் இறைச்சி ஆகியவை நடைக்காரருக்கு இல்லை. விலங்கின் அருகில் போய்விட்டுத் திரும்புவது சிலருக்குப் பாதியில் நின்ற வாக்கியம்போல இருக்கும். அவர்களைக் குறை சொல்ல நான் ஆயத்தமாக இல்லை. ஆனால் அது உண்மையிலேயே தமக்குக் குறையாக இருக்கிறதா என்பதை நடந்து பார்க்காமல் முடிவு செய்கிறவர்களே அதிகம்.

தலையை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பவர், நாட்டைத் தேர்வதற்கு முன் தம் நாட்டு இறக்குமதிச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவும் பிரான்சும் 2015-இல் சிங்கத் தலைகளின் இறக்குமதியை நிறுத்தின. நெதர்லாந்தும் பெல்ஜியமும் பின்னர் இன்னும் பல இனங்களுக்குத் தடை கொண்டுவந்தன. பிரிட்டனில் 2023-இல் கீழவை நிறைவேற்றிய மசோதா மேலவையில் நின்றுபோயிற்று. இந்தப் போக்கு தளர்வதாகத் தெரியவில்லை.

இத்தனையும் வைத்து நான் சொல்வது இது. பணமும் நேரமும் கட்டுப்படாதவர் தான்சானியாவுக்குப் போகலாம். ஆனால் நல்ல தொகுதியையும், திருட்டுத் தடுப்புக்குக் கணக்குக் காட்டும் நிறுவனத்தையும் தேடிப் பிடிக்க வேண்டும். எருமையைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பவர் ஜிம்பாப்வேயில் பத்து நாள் ஒதுக்கட்டும். ஏழு நாளுக்குப் பேரம் பேசினால் கடைசி இரண்டு நாளில் அவசரப்பட்டுச் சுட நேரும். மற்றவர்கள் நமீபியாவின் காப்பகம் ஒன்றைத் தேர்ந்து, முன்பதிவுக்கு முன் மூன்று கேள்விகளை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறட்டும்: காப்பகத்துக்கு எவ்வளவு தொகை எந்த ஒப்பந்தத்தின்படி போகிறது, இறைச்சி யாருக்குப் போகிறது, தடம் பார்ப்பவர்கள் அந்தக் காப்பகத்தின் உறுப்பினர்களா. பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தை விட்டுவிடலாம்.

எந்த வழி என்று இன்னும் முடிவெடுக்க முடியாதவர், முதலில் ஜூன் மாதத்தில் லுவாங்வாவில் ஒரு வாரம் நடந்துவிட்டு வரட்டும். தான்சானியப் பயணத்தில் ஒரு சிறு பங்குதான் அதற்குச் செலவாகும். நடந்து வந்தபின்னும் கை துப்பாக்கியைத் தேடினால், அடுத்த ஆண்டுக்கு நமீபியாவில் முன்பதிவு செய்ய அப்போதும் நேரம் இருக்கும்.